மருந்துக் கடை ஈன்ற மாபெரும் நூல்

தஞ்சை என்று சொன்ன மாத்திரத்திலே நம் கண்முன் வந்து நிற்பவை எவை? இராசராசன் எழுப்பிய பெரிய கோயில். நாயக்கரும் மராட்டியரும் வாழ்ந்த அரண்மனை. ஏட்டுச் சுவடிகள் நிறைந்த சரசுவதி மகால். அவற்றுக்கு அப்பால், காவிரியும் வெண்ணாறும் வெட்டாறும் பாய்ந்து பச்சை விரிக்கும் நெல் வயல்கள். கோயிலுக்கு அரசனின் பெயர் இருக்கிறது. அரண்மனைக்கு அரச குலத்தின் பெயர் இருக்கிறது. வயலுக்கு மிராசுதாரரின் பெயர் இருந்தது. உழுதவன் பெயரோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அரச குலத்திலே பிறக்காதவர், பரம்பரை மிராசு ஒரு காணிகூட இல்லாதவர், வேறு சீமையிலிருந்து பிழைப்புக்காக வந்தவர் — அப்படிப்பட்ட ஒரு மருந்துக் கடைக்காரரின் பெயரும் இந்தத் தஞ்சை நகரிலே ஒரு சாலைக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. ஆபிரகாம் பண்டிதர் சாலை! மூட்டை சுமந்தும் மிதிவண்டி மிதித்தும் அந்தச் சாலையிலே போகிற தோழர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குரியவரைத் தெரியும்? தெரிந்தவர்களும் ‘இசை ஆராய்ச்சியாளர்’ என்று ஒரு சொல்லிலே முடித்துவிடுகிறார்கள். அந்த ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்பவர் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று கேட்கப் போகிறோம்.

முகப்புத் தாளைப் பாருங்கள்

1917ஆம் ஆண்டிலே தஞ்சையில் வெளிவந்தது ‘கருணாமிர்த சாகரம்’. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நூல். பழந்தமிழ் இசையின் இலக்கணத்தை, சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துருவித் துருவி, கணக்குப் போட்டு, அட்டவணை அட்டவணையாக எழுதிக் காட்டிய நூல். இன்றைக்கும் தமிழிசையைப் பற்றி எழுதப் புகும் எவரும், ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ, முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய நூல்.

இவ்வளவு பெரிய நூலை வெளியிட்டது எது? பல்கலைக்கழகமா? அரசாங்கமா? மடாலயமா? சமஸ்தானமா? முகப்புத் தாளைத் திருப்பிப் பாருங்கள். கருணாநிதி மெடிக்கல் ஹால், தஞ்சாவூர்! ஆம், ஒரு வைத்தியசாலை. லேகியமும் சூரணமும் மாத்திரையும் விற்ற கடை. அச்சிட்டதோ அதே கடைக்காரர் நடத்திய லாலி மின் அச்சகம்.

மாத்திரை விற்ற காசு எழுத்தாயிற்று. சூரணம் விற்ற காசு தாளாயிற்று. லேகியம் விற்ற காசு தமிழிசையின் வரலாறாயிற்று! இதைவிடச் சுருக்கமாக ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. ஆனால் சுருக்கத்தோடு நிறுத்திவிட்டால் அந்த மனிதரின் உழைப்பு நமக்கு விளங்காது.

சாம்பவர் வடகரையிலிருந்து

1859 ஆகஸ்டு 2ஆம் நாள், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலே, தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரை என்ற சிற்றூரிலே பிறந்தார். தந்தை முத்துசாமி நாடார், தாய் அன்னம்மாள். கிறித்தவக் குடும்பம். நாடார் குலத்தவருக்குத் தென்பாண்டிச் சீமையிலே அன்று இருந்த நிலை என்ன என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்டதற்காகச் சிவகாசியிலே 1899இல் நடந்த கொடுமையை நாடு மறந்துவிடவில்லை. பண்டிதருக்கு அப்போது வயது நாற்பது. பிறப்பைக் காட்டி ஒருவனை வாசலிலே நிறுத்திய காலம்; வித்தை என்றால் இன்னாருக்கு மட்டுமே உரியது என்று வேலி போட்டிருந்த காலம்.

அந்த வேலியைத் தாண்டுவதற்கு அவருக்குக் கிடைத்த ஏணி, பள்ளிக்கூடம். திண்டுக்கல்லிலே ஆசிரியர் பயிற்சி பெற்றார். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பாடம் சொல்லிக் கொடுத்த நேரம் போக மிஞ்சிய நேரத்திலே என்ன செய்தார்? சும்மா இருந்தாரா? இல்லை! சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றார். புகைப்படம் எடுக்கக் கற்றார். அச்சுத் தொழிலைக் கற்றார். மூலிகை தேடிச் சுருளி மலைக்குப் போனார். அங்கே கருணானந்தர் என்ற முனிவரிடம் மருந்து முறைகளைக் கற்றார். பிற்காலத்திலே தாம் செய்த மருந்துக்குக் ‘கருணானந்தர் சஞ்சீவி’ என்று பெயர் வைத்தார். வாங்கிய நிலத்துக்குக் ‘கருணானந்தபுரம்’ என்று பெயர் வைத்தார். கடைக்கும் நூலுக்கும் இட்ட பெயர்களிலும் அந்தக் ‘கருணை’யைச் சேர்த்தார். வித்தை கொடுத்தவரின் பெயரைத் தம் ஆயுள் முழுவதும் பலகையிலே எழுதி வைத்த நன்றி, வாணிபத்திலே அடிக்கடி காணக் கிடைக்காத நன்றி!

சம்பளத்தை விட்டார், கடையைத் திறந்தார்

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சைக்கு வந்தார்கள். நேப்பியர் சீமாட்டி பெண்கள் பள்ளியிலே கணவரும் ஆசிரியர், மனைவியும் ஆசிரியை. 1883ஆம் ஆண்டிலே, தோழர்களே! பெண் படிப்பதே பழிப்புக்குரியது என்று பேசிய காலத்திலே, ஒரு வீட்டிலிருந்து ஆணும் பெண்ணுமாகக் கிளம்பி, பெண் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பித்துச் சம்பளம் வாங்கிவந்த குடும்பம் அது.

மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வரும். அதை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்குவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது, பிள்ளை குட்டிகளோடு குடித்தனம் நடத்துகிற உங்களுக்குத் தெரியாததல்ல. கடை ஓடினால் சோறு, ஓடாவிட்டால் கடன். பண்டிதர் 1890இல் அந்தத் துணிச்சலைச் செய்தார். ஆசிரியர் வேலையை விட்டார். முழு நேர மருத்துவரானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

நாட்டு மருந்துத் தொழில் எப்படிப்பட்டது? வைத்தியர் நாற்காலியிலே சாய்ந்துகொண்டு சீட்டு எழுதிக் கொடுப்பதோடு முடிவதல்ல. வேரையும் பட்டையையும் தேடிக் கொண்டுவர வேண்டும். மண்ணும் நச்சும் போகச் சுத்தி செய்ய வேண்டும். நிழலிலே உலர்த்த வேண்டியதை நிழலிலே, வெயிலிலே உலர்த்த வேண்டியதை வெயிலிலே உலர்த்த வேண்டும். உரலிலே இடித்து, துணியிலே சலித்து, கல்வத்திலே சாமக் கணக்காக அரைத்து, உருட்டி, உலர்த்தி, குப்பியிலே அடைத்து, சீட்டு ஒட்ட வேண்டும். கை ஓய்ந்தால் தொழில் ஓயும். அளவு பிசகினால் பெயர் போகும். பெயர் போனால், அந்தக் கடையின் படியிலே பிறகு யார் கால் வைப்பார்கள்?

பண்டிதரின் கடைக்குப் பெயர் போகவில்லை; பெயர் பரவியது. தஞ்சையைத் தாண்டிப் பரவியது. கடல் கடந்தும் பரவியது. அந்நாளின் நாட்டு மருந்துகள் ஒவ்வொன்றையும் இன்றைய மருத்துவச் சோதனை அப்படியே ஒப்புக்கொள்ளும் என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் வாங்கியவர் மறுபடியும் வாங்கினார்கள் என்பதும், அந்த வருவாயிலே ஒரு குடும்பம் தலை நிமிர்ந்தது என்பதும் வரலாறு.

தோட்டமும் அச்சுக்கூடமும்

காசு சேர்ந்தது. தஞ்சைத் தரணியிலே காசு சேர்ந்தவர் செய்கிற காரியம் என்ன? நன்செய் வாங்குவது, குத்தகைக்கு விடுவது, திண்ணையிலே உட்கார்ந்து நெல் அளந்து வாங்குவது. பண்டிதரும் நிலம் வாங்கினார். நகருக்கு வெளியே வாங்கிய அந்த நிலத்தைத்தான் கருணானந்தபுரம் ஆக்கினார். மருந்துக்கு வேண்டிய மூலிகைகளை அங்கேயே பயிரிட்டார். கரும்பு முதலிய பயிர்களிலே புதுப் புது முறைகளைச் செய்து பார்த்தார். ஊரார் அதைப் ‘பண்டிதர் தோட்டம்’ என்றார்கள். சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த ஆர்தர் லாலி வந்து பார்த்துவிட்டுப் போகிற அளவுக்கு அந்தத் தோட்டம் பெயர் பெற்றது. 1909இல் அரசாங்கம் ‘ராவ்சாகிப்’ பட்டம் கொடுத்தது. அச்சுக்கூடத்துக்கும் அந்த ஆளுநரின் பெயரையே வைத்தார்.

“வெள்ளைக்கார ஆட்சியின் பட்டத்தை வாங்கியவர்தானே? வெள்ளைக்கார ஆளுநரின் பெயரை அச்சகத்துக்கு வைத்தவர்தானே?” என்று இந்த இடத்திலே ஒரு தோழர் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும், நியாயமான கேள்விதான். பட்டத்தை வாங்கினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்திலே நிலக்கிழாரும் வணிகரும் வழக்கறிஞரும் அந்தப் பட்டத்துக்காகத் தவம் கிடந்தார்கள். பலருக்கு அந்தப் பட்டமே வாழ்வின் முடிவாகிவிட்டது. பெயருக்கு முன்னே இரண்டு எழுத்து ஏறியதும் அவர்கள் வேலை முடிந்துவிட்டது. பண்டிதரின் பெரிய வேலைகள் பட்டம் வந்த பிறகுதான் தொடங்குகின்றன. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கிற பொறுப்பை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

என்ன கேள்வி அவரை அரித்தது?

அந்த நாளையத் தஞ்சையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1855இல் மராட்டிய அரசு முடிந்துவிட்டது. அரண்மனையை நம்பி வாழ்ந்த இசைவாணர்கள் வேறு ஆதரவு தேடிப் போனார்கள். திருவையாற்றிலே வாழ்ந்து 1847இல் மறைந்த தியாகராசரின் கீர்த்தனைகள் பெரும்பாலும் தெலுங்கு மொழியிலானவை. மேடைகளிலே அவற்றுக்குத்தான் முதலிடம். காவிரிக் கரையிலே பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தமிழ்ப் பாட்டுக்கு மேடை குறைவு. இசை இலக்கணம் என்றால் வடமொழி நூல்தான் என்பது அன்றைய மதிப்பு.

1892இல் உ. வே. சாமிநாதையர், குடந்தைக் கல்லூரியிலே ஆசிரியராயிருந்தபோது, சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்தார். புதைந்து கிடந்த புதையல் வெளியே வந்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசைக்கும் தமிழ்ப் பெயர் இருந்தது அதிலே. பாலை, பண், யாழ் என்று ஒரு முழு இசையுலகமே இருந்தது அதிலே. ஆனால் திறவுகோல் இல்லாத பெட்டி அது! சொல் தெரிந்தது, அந்தச் சொல் சுட்டும் ஒலி எது என்பது தெரியவில்லை. புலவருக்கு இசை தெரியாது. இசைவாணருக்கு இலக்கியம் தெரியாது. இரண்டும் தெரிந்து, கணக்கும் தெரிந்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் மருந்துக் கடையிலே இருந்தார்.

1907இலேயே ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்ற நூலை வெளியிட்டார். இசை பயிலும் பிள்ளைகள் தமிழிலேயே பாடிப் பழகுவதற்கான பாடல்கள் கொண்ட நூல். பிறகு இலக்கணத்துக்குள் இறங்கினார்.

அவர் தொட்ட பூசல் என்ன என்பதை எளிமையாகச் சொல்லிவிடலாம். ஒரு வீணைத் தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தந்தியை மீட்டினால் வருவது ச. சரிபாதியை மீட்டினால் மேல் ச. மூன்று பங்கிலே இரண்டு பங்கை மீட்டினால் ப. நான்கு பங்கிலே மூன்று பங்கை மீட்டினால் ம. இது மொழிக்கும் சாதிக்கும் கட்டுப்படாத இயற்கைக் கணக்கு. அந்தச் சவுக்கும் மேல் சவுக்கும் நடுவே நுட்பமான சுருதிகள் எத்தனை? இருபத்திரண்டு என்கிறது, 13ஆம் நூற்றாண்டிலே சாரங்கதேவர் வடமொழியிலே எழுதிய ‘சங்கீத ரத்னாகரம்’. அதுவே வேதவாக்காக நின்றது.

பண்டிதர் அதை அப்படியே விழுங்கவில்லை. கணக்குப் போட்டார். இடைவெளியை இருபத்திரண்டு சம பங்காகப் பிரித்தால் பவும் மவும் தத்தம் இடத்திலே உட்காரவில்லை. பன்னிரண்டாகவும் இருபத்து நான்காகவும் பிரித்தால், ஏறத்தாழப் பொருந்தி உட்காருகின்றன. சிலப்பதிகார உரைகளைத் துணைக்கொண்டு, ஆயப்பாலையிலே பன்னிரண்டு, வட்டப்பாலையிலே இருபத்து நான்கு, திரிகோணப்பாலையிலே நாற்பத்தெட்டு, சதுரப்பாலையிலே தொண்ணூற்றாறு என்று பழந்தமிழர் பகுத்தார்கள் என விளக்கம் எழுதினார். குன்றிமணி எடையிலே மருந்து நிறுத்துப் பழகிய கை, சுருதியையும் நிறுத்துப் பார்த்தது!

சொந்தக் காசிலே ஏழு மாநாடு

தாமே கணக்குப் போட்டு, தாமே எழுதி, தாமே அச்சிட்டுவிட்டு, ‘நான் சொன்னதே முடிவு’ என்று உட்கார்ந்திருக்கலாம். அச்சுக்கூடம் அவருடையதுதானே! அவர் அப்படிச் செய்யவில்லை. 1912இல் தஞ்சையிலே ‘சங்கீத வித்தியா மகாசன சங்கம்’ என்ற அமைப்பை நிறுவினார். 1916 வரை ஏழு மாநாடுகள் நடத்தினார். இசைவாணரையும் இசை நூல் கற்றவரையும் அழைத்தார். தம்மோடு ஒத்த கருத்துடையவரை மட்டுமல்ல, மாறுபட்டவரையும் அழைத்தார். சுருதி பற்றிய கேள்விகளைச் சபையிலே வைத்தார். செலவு? பண்டிதருடையது.

சென்னை மியூசிக் அகாடமி பிறந்தது 1928இல். சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் பிறந்தது 1943இல். அவற்றுக்கெல்லாம் முன்னால், 1912இலே, அரசாங்க மானியம் இல்லாமல், ஒரு மருந்துக் கடையின் வருமானத்திலே இசை மாநாடு நடந்தது தஞ்சையிலே. இதை நாம் மறக்கலாமா?

1916இல் பரோடாவிலே, மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவிலே, பாத்கண்டே முன்னின்று நடத்திய அகில இந்திய இசை மாநாடு கூடியது. வடநாட்டு வித்துவான்களும் சாத்திரம் கற்றவர்களும் நிறைந்த அந்த அவைக்குப் பண்டிதர் போனார். தனியாகப் போகவில்லை, குடும்பத்தோடு போனார். அவர் தம் கணக்கை வாயாலே சொன்னார். அவர் மகள் மரகதவல்லி அம்மாள் உள்ளிட்ட வீட்டுப் பெண்கள் அதை இசையாலே மெய்ப்பித்துக் காட்டினார்கள்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! குடும்பப் பெண்கள் மேடை ஏறிப் பாடினால் ஊர் பழிக்கும் என்று அஞ்சிய காலம் அது. பிள்ளைகளுக்கு இசையைச் சொல்லிக் கொடுத்ததோடு, அந்தக் கல்வியைக் கற்றோர் அவையிலே சான்றாக நிறுத்தினார் ஒரு தகப்பனார். பெண் மக்களை அழகுக்காக வீணை முன்னே உட்கார வைத்த வீடுகள் உண்டு. ஆராய்ச்சியின் பங்காளிகளாக உட்கார வைத்த வீடு இது.

வீடே பட்டறை, வீடே பள்ளி

பண்டிதரைக் குடும்பத் தலைவராகப் பார்க்கிறபோதுதான் அவர் முழு உருவம் தெரிகிறது. 1911இல் பொன்னம்மாள் காலமானார். திருமணமாகி இருபத்தெட்டு ஆண்டுகள், தஞ்சைக்கு வந்த நாள் முதலாக இன்பத்திலும் உழைப்பிலும் உடனிருந்தவர். அடுத்த ஆண்டிலேதான் சங்கம் தோன்றுகிறது. பின்னர்ப் பாக்கியம்மாளை மணந்தார். பிள்ளைகள், பெண்கள், பேரர்கள் என்று விரிந்த வீடு. கடை, தோட்டம், அச்சகம், சங்கம் ஆகிய நான்கும் அந்த வீட்டைச் சுற்றியே சுழன்றன.

பல வீடுகளிலே தகப்பன் ஒரு காரியத்திலே பித்துக் கொண்டால், பிள்ளைகள் அதை வெறுத்து ஓடுவார்கள். தகப்பன் கண்மூடியதும் ஏடுகள் பரணுக்குப் போகும், பிறகு அடுப்புக்குப் போகும். இந்த வீட்டிலே என்ன நடந்தது? 1917இல் நூல் வெளிவந்தது. 1919 ஆகஸ்டு 31ஆம் நாள், தம் அறுபதாவது வயதிலே பண்டிதர் மறைந்தார். எழுதியதிலே ஒரு பகுதி அச்சேறாமல் இருந்தது. மகன் வரகுணபாண்டியன் அதைக் காத்தார். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1946இல், ‘கருணாமிர்த சாகரம்’ இரண்டாம் பகுதியை வெளிக்கொண்டுவந்தார். அதோடு நிற்கவில்லை, யாழைப் பற்றித் தாமே ஆராய்ந்து ‘பாணர் கைவழி’ என்ற நூலை 1950இல் தந்தார். பேரர் து. ஆ. தனபாண்டியன், 1981இல் தஞ்சையிலே தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்திலே இசைப் பேராசிரியராக இருந்தார். தாத்தாவின் கடைக் காசிலே தொடங்கிய ஆராய்ச்சி, பேரனின் காலத்திலே பல்கலைக்கழகப் பாடமாயிற்று! பிள்ளைகளுக்கு நிலத்தையும் நகையையும் விட்டுப் போகிற தகப்பன்மார் உண்டு; ஒரு வேலையை விட்டுப் போன தகப்பன் இவர். அதைப் பிள்ளைகளும் சொத்தாகவே ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் பெருமை.

மறுப்பவரும் மதிக்கும் உழைப்பு

பண்டிதர் சொன்னதெல்லாம் சரியா? அப்படிச் சொல்வது அவருக்கே செய்கிற அவமரியாதை. கடல் கொண்ட குமரி நாட்டிலிருந்து உலக இசையெல்லாம் பிறந்தது என்ற அவர் எண்ணத்தை இன்றைய வரலாற்று அறிவு ஏற்காது. இருபத்து நான்கு என்ற கணக்கை எல்லா இசை அறிஞர்களும் ஒப்பவில்லை. பாடுகிறவரின் குரல் கணித அட்டவணைக்குள் அடங்கி நிற்பதில்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்ட விபுலானந்த அடிகள் வேறு வழியிலே போனார். இருபத்திரண்டு சுருதியை அடிப்படையாகக் கொண்டே தம் கணக்கை அமைத்தார்.

ஆனால் ஒன்றை மறுப்பவரும் ஒப்புக்கொள்வார்கள். தமிழர் இசைக்கு இலக்கணம் உண்டு, அதை அளந்து பார்க்க முடியும், அளந்ததை அவையிலே வைத்து வாதாட முடியும் என்று காட்டியவர் பண்டிதர். நம்பச் சொல்லவில்லை, அளந்து பாருங்கள் என்றார். பின்னால் வந்தவர்கள் அவரோடு சண்டை போடுவதற்கே அவர் நூலைப் படிக்க வேண்டியிருந்தது. ஓர் ஆராய்ச்சியாளனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி ஏது?

முதலாளியை எடை போட ஒரு தராசு

“சரி, ஒரு கடை முதலாளியைத் தொழிலாளர் ஏடு ஏன் புகழ வேண்டும்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். கடை வைத்த ஒவ்வொருவரையும் நாம் புகழ வரவில்லை. இலாபம் வந்த இடத்தைப் பார்ப்பது போலவே, இலாபம் போன இடத்தையும் பார்க்க வேண்டும் என்கிறோம்.

உலகத் தொழிலாளர் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. பிரடெரிக் ஏங்கல்ஸ், மான்செஸ்டர் நகரிலே தம் தகப்பனார் பங்குதாரராயிருந்த நூற்பாலைக் கம்பெனியிலே 1869 வரை வேலை பார்த்தார். அந்த வேலை அவருக்கு வேப்பங்காய். ஆனாலும் பார்த்தார். ஏன்? லண்டனிலே வறுமையோடு போராடிக் கொண்டிருந்த மார்க்சின் குடும்பத்தைத் தாங்குவதற்காக! அந்தப் பணத்தின் துணையோடுதான் 1867இல் ‘மூலதனம்’ முதல் பாகம் வெளிவந்தது. மார்க்சின் நூலையும் பண்டிதரின் நூலையும் ஒரே தட்டிலே வைக்கவில்லை. இரண்டின் பொருளும் வேறு, போக்கும் வேறு. ஆனால் கல்லாப்பெட்டியிலே விழுந்த காசு அறிவு நூலாக மாறலாம் என்பதற்கு மான்செஸ்டரும் சான்று, தஞ்சையும் சான்று.

பண்டிதர் அந்தக் காசிலே மாளிகை மேல் மாளிகை எழுப்பியிருக்கலாம். வட்டிக்கு விட்டு வளர்த்திருக்கலாம். கல்வெட்டிலே பெயர் பொறிக்க நன்கொடை கொடுத்திருக்கலாம். உலகம் அவரைப் புத்திசாலி வணிகர் என்று புகழ்ந்திருக்கும். அவர் மறைந்த மறு ஆண்டே மறந்தும் இருக்கும். வாங்குவார் குறைவு என்று தெரிந்தே, போட்ட முதல் திரும்பாது என்று தெரிந்தே, ஆயிரம் பக்க இசை நூலை அச்சிடுகிறவனை வணிக உலகம் ஏமாளி என்றுதான் சொல்லும். அந்த ‘ஏமாளி’யின் நூல் நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது!

நாம் செய்ய வேண்டியது

காவிரிப் பாசனப் பகுதியின் ஊர்கள் தோறும் சின்னச் சின்னக் கடைகள் இருக்கின்றன. மன்னார்குடியிலே, திருவாரூரிலே, பட்டுக்கோட்டையிலே, பாபநாசத்திலே, விடியுமுன் கதவைத் திறந்து, இரவு ஊர் அடங்கிய பிறகு கணக்கு முடிக்கிற தேநீர்க் கடைக்காரர், தையற்காரர், அச்சுக்கூடக்காரர், மளிகைக்காரர் இருக்கிறார்கள். “நமக்கு எங்கே நேரம், நமக்கு எங்கே படிப்பு” என்று அவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்கிறோம். அவர்களுக்குப் பண்டிதரின் கதையைச் சொல்லுங்கள். அவரும் கடைக்காரர்தான். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். சரக்கு வாங்க வேண்டியிருந்தது. ஆட்களுக்குக் கூலி எண்ண வேண்டியிருந்தது. பட்டறை வேலை முடிந்த கையோடுதான் சிலப்பதிகாரத்தைத் திறந்தார்.

நமது படிப்பகங்களிலே நாளேடு வாங்குகிறோம். தலைவர்களின் நூல்களை அடுக்கி வைத்திருக்கிறோம். ‘கருணாமிர்த சாகரம்’ எத்தனை படிப்பகத்திலே இருக்கிறது? முழுவதும் விளங்காவிட்டாலும் இருக்கட்டும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு பெயர்களை நம் பிள்ளைகள் வாயாலே சொல்லக் கற்கட்டும். நாகசுரமும் தவிலும் வாசிக்கிற தோழர், தம் வாத்தியத்தின் இலக்கணம் தம் தாய்மொழியிலே எழுதப்பட்டிருப்பதைக் கையாலே தொட்டுப் பார்க்கட்டும்.

பெரிய கோயிலைக் கட்ட அரசனுக்கு நாட்டின் வரி இருந்தது, சேனை இருந்தது, ஆயிரம் ஆயிரம் கைகள் இருந்தன. கருணாமிர்த சாகரத்தை எழுப்பிய மனிதருக்கு இருந்தது ஒரு கல்வமும் குழவியும், ஒரு தோட்டமும், ஓர் அச்சுப் பொறியும், உடன் உழைத்த ஒரு குடும்பமும்தான். அவை போதும் என்று காட்டிவிட்டுப் போனார் ஆபிரகாம் பண்டிதர். உழைப்பாளியின் வீட்டுக்கு இதைவிட நம்பிக்கையூட்டும் செய்தி வேறு உண்டா, தோழர்களே!